சிவதாணு வாத்தியார் போட்ட பந்தி

"எனக்க எலையில பப்படம் எங்கவே?"

சாப்பிட உட்கார்ந்த மனிதர் கேட்கிற மாதிரிதான் நாராயணபெருமாள் பிள்ளை கேட்டார். ஆனால் அவர் நின்றுகொண்டிருந்தது பள்ளிக்கூட ஹாலில். கைத்தடியை நீட்டியது, சுவரோரம் சாய்த்து வைத்திருந்த ஒரு நீளமான படத்தைப் பார்த்து. படத்தில் ஒரு கல்யாணப் பந்தி. ஊர்க்காரர்கள் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நாராயணபெருமாள் பிள்ளையே மீசையும் தானுமாக இருந்தார். அவர் இலையில் அவியல் இருந்தது, எரிசேரி இருந்தது, இஞ்சிக்கறி இருந்தது. பப்படம் மட்டும் இல்லை.

டிராயிங் மாஸ்டர் சிவதாணு எட்டிப் பார்த்தார். உண்மைதான். அந்த இடத்தில் ஒரு மஞ்சள் வட்டம் வைத்தால் பக்கத்து இலை வாழைப்பழத்தோடு சேர்ந்து கண்ணை உறுத்தும் என்று விட்டிருந்தார். அதைப் பணிவாகச் சொன்னார்.

"உமக்குக் கண்ணை உறுத்தும். எனக்கு நெஞ்சை உறுத்துதே வே. இந்தப் பக்கம் இருக்கவனுக்கு உண்டு, அந்தப் பக்கம் இருக்கவனுக்கு உண்டு. நடுவுல இருக்கப்பட்ட எனக்கு இல்லேன்னா, பாக்கவன் என்ன நெனப்பான்?"

சிவதாணுவுக்கு இந்தக் கண்காட்சி விளையாட்டுக் காரியம் இல்லை. பள்ளிக்கூட மானேஜர் பகவதியப்பன் பிள்ளைக்கு டிராயிங் வகுப்பு என்றாலே எரிச்சல். வாழைக்குலையைப் பார்த்து வாழைக்குலை வரைவதற்கு ஒரு வாத்தியார், அவருக்கு ஒரு சம்பளம், சாயங்காலம் அந்தக் குலையையும் அவரே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார் என்று கமிட்டியில் பேசியிருந்தார். வருகிற வருஷம் வகுப்பையே எடுத்துவிட்டு, சிவதாணுவைக் குலசேகரத்துக் கிளைப் பள்ளிக்கு மாற்றுவதாக ஏற்பாடு. குலசேகரம் மலையடிவாரம். ரப்பர் தோட்டம், மழை, அட்டை. சிவதாணுவுக்கோ வயல்காற்று அடிக்காத இடத்தில் தூக்கமே வராது. மனைவி சண்முகவடிவு அதற்குள் டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்துவிட்டு, அட்டைக்குப் புகையிலைப் பொடி நல்லதா சுண்ணாம்பு நல்லதா என்று தெருவில் விசாரிக்கத் தொடங்கியிருந்தாள்.

ஹெட்மாஸ்டர் ரசலையன்தான் வழி சொன்னார். நாஞ்சில் நாட்டு வாழ்க்கையைப் படம் படமாக வரைந்து ஒரு கண்காட்சி வைக்கலாம். அப்போது நாஞ்சில் நாட்டுக்கும் தலைநகரமாக இருந்த திருவனந்தபுரத்திலிருந்து கல்வி இலாகா அதிகாரி ஒருவரைக் கூப்பிடலாம். அதிகாரி நாலு நல்ல வார்த்தை சொன்னால் மானேஜர் மனம் இளகிவிடும். சிவதாணு ராப்பகலாக வரைந்தார். முட்டத்துக் கலங்கரை விளக்கமும் கட்டுமரமும், வடசேரிச் சந்தை, நாற்று நடவு, பனையேற்றம், தேரோட்டம் என்று ஒவ்வொன்றும் நன்றாகவே வந்தது. எல்லாவற்றிலும் பெரியது இந்தப் பந்தி. பந்திக்கு முகங்கள் வேண்டுமே என்று தெரிந்த முகங்களாக வைத்தார். அங்கேதான் வம்பு வந்தது. முட்டத்துக் கலங்கரை விளக்கத்துக்கு ஊரில் சொந்தக்காரர் யாரும் இல்லாததால் அந்தப் படத்துக்கு ஒரு தொல்லையும் வரவில்லை.

ஒரு பப்படம்தானே, போட்டுவிட்டால் போகிறது என்று சிவதாணு தூரிகையை எடுத்தார். நாராயணபெருமாள் பிள்ளை மானேஜருக்குச் சித்தப்பா மகன். தேரில் யார் முதலில் வடம் பிடிப்பது என்ற தகராறில் இருவருக்கும் பேச்சு நின்று பல வருஷமாகிறது. ஆனாலும் பிள்ளைவாளுக்குக் கமிட்டியில் செல்வாக்கு உண்டு. ஆகவே பப்படத்தைத் தாராளமாகவே, நன்றாகப் பொரிந்து கொப்புளம் எழும்பியதாகவே வரைந்து கொடுத்தார். பிள்ளை திருப்தியாகப் போனார்.

மறுநாள் காலையில் பந்தியில் அவருக்கு வலப்பக்கம் இருந்தவர் வந்தார். தன் பப்படம் ஏன் நெல்லிக்காய் அளவில் இருக்கிறது என்று கேட்டார். அதைப் பெரிதாக்கிய பிறகு இடப்பக்கத்துக்காரர் வந்தார். அதற்குப் பிறகு பழம் ஒன்று குறைந்தவர், பச்சடி கிடைக்காதவர், சோற்றின்மேல் பருப்பு விழாதவர் என்று ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். நம் ஊர்க்காரர் ஒரு படத்தை எப்படிப் பார்ப்பார் என்பதைச் சிவதாணு அந்த வாரத்தில்தான் படித்துக்கொண்டார். முதலில் தன் முகத்தைத் தேடுவார். அது கிடைத்ததும் தன் இலையைப் பார்ப்பார். பிறகு பக்கத்து இலையைப் பார்ப்பார். அதோடு படம் முடிந்துவிடும்.

இலைகளைச் சமன்செய்து முடித்து நிமிர்ந்த அன்று, வீட்டில் சண்முகவடிவு முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"கேட்டேளா, ஊருல உள்ளவனுக்கெல்லாம் எலை போட்டிருக்கேளாம். எங்க மாமாவுக்கு ஏன் போடல?"

"அது படம்லா, வடிவு."

"படம்னா என்ன? பந்தி பந்திதானே. நம்ம கல்யாணத்துல ஓடி ஓடி வெளம்பினது யாரு? அந்த மனுசனைப் போயி விளிக்காம விட்டிருக்கேளே."

இந்தச் சீமையின் சட்டம் அது. கல்யாணம் என்று காதில் விழுந்தால் போதாது. வீடு தேடிப் போய், வெற்றிலை பாக்கு வைத்து, வாயால் விளிக்க வேண்டும். விளிக்காவிட்டால் கூடப் பிறந்தவன்கூட அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவான். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பதெல்லாம் விளித்த பிறகுதான். சிவதாணு மனைவியின் மாமாவை ஓரத்தில் ஓர் இலை போட்டு உட்கார வைத்தார். அது தெரிந்ததும், படத்தில் இல்லாதவர்கள் எல்லாரும் தங்களைப் படத்துக்கு விளிக்கவில்லை என்று பேச ஆரம்பித்தார்கள். சிவதாணு தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் முகங்கள் திரும்பிக்கொண்டன. பால்காரர்கூடத் தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாகவே சேர்த்து ஊற்றிவிட்டுப் போனார்.

பாவம், நல்ல மனிதர். இருந்த வரிசைக்குள்ளேயே ஒவ்வொருவராக நுழைத்தார். தோளோடு தோள் இடித்தது. முழங்கைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. தலைவாழை இலைகளின் இரு பக்கத்தையும் குறுக்கிக் குறுக்கி, கடைசியில் சோறும் கறிகளும் நெருக்கியடித்தது போக விளிம்பில் கொஞ்சம் பச்சைதான் மிஞ்சியது. இனி ஆளே கொள்ளாது என்ற கட்டத்தில் ஒரே ஒருவரை மட்டும் எடுத்துவிட்டால் என்ன என்று நினைத்தார். யாரிடமும் கோபித்துப் பேசாத பரமசாதுவான ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர்மேல் சுவர் நிறத்தைப் பூசினார்.

அந்தச் சாது ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது அவர் தெருக்காரர்கள். கூட்டமாக வந்து ஹால் வாசலில் நின்றார்கள். விளிக்காமல் இருந்தால்கூடப் பொறுக்கலாம், பந்தியில் இருந்தவனைக் கையைப் பிடித்து எழுப்பிவிட்ட மாதிரியல்லவா ஆயிற்று என்று அவர்கள் கேட்டதில் சிவதாணுவுக்கே தப்புத் தெரிந்தது. அழித்த மனிதரை அப்போதே திரும்ப வரைந்தார். அவசரத்தில் அவர் முன்பைவிடச் சற்றுத் தடித்துவிட்டார். அவர் இலை இன்னும் சிறுத்தது. "துண்டு எலையில போட்டுச் சாப்பிட நாங்க என்ன பிச்சைக்கா வந்தோம்?" என்று பந்தி முழுவதும் கேட்டது.

கண்காட்சிக்கு நாள் நெருங்கிவிட்டது. அன்று சாயங்காலம் ஹாலில் தனியாக உட்கார்ந்து படத்தைப் பார்த்தபோது சிவதாணுவுக்கு அழுகை வந்தது. முகங்கள் என்ன பெரிய முகங்கள்? அந்தப் படத்தில் அவர் உயிரைக் கொடுத்து வரைந்தது கறிகளைத்தான். எரிசேரியின் அந்தப் பொன்னிறம் கிடைக்க எத்தனை முறை கலந்திருப்பார். அந்தக் கறிகளே இப்போது ஊர்ப்பகையாக நின்றன.

சட்டென்று யோசனை வந்தது. சாப்பாடு இருந்தால்தானே எனக்கு இது இல்லை, அவனுக்கு அது கூட என்ற பேச்சு? சாப்பிட்டு முடித்துவிட்டால்? எல்லாரும் வயிறு நிறைய உண்டு, இலையை மடக்கிவிட்டு, எழுந்திருக்கப் போகிற நேரம் என்று படத்தை மாற்றிவிட்டால் யார் என்ன கேட்க முடியும்? கறிகளும் பப்படமும் பழமும் படத்தைப் பார்ப்பவர் பக்கமாக இருந்தன. ஆகவே இலைகளையும் பார்ப்பவர் பக்கமாகவே மடக்கிப் பச்சை பூசினார். அத்தனை சண்டையும் அந்தப் பச்சைக்குள் ஒளிந்தது. எரிசேரியை மூடும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது.

மறுநாள் வந்து பார்த்தவர்களுக்குக் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. எல்லாருக்கும் ஒரே மடக்கு இலை. நாராயணபெருமாள் பிள்ளை மட்டும் உள்ளே பப்படம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, அதற்கு மேலேதான் பூசியிருக்கிறேன் என்று சிவதாணு சத்தியம் செய்த பிறகு ஏப்பம் விட்டபடி போனார்.

அன்று பின்னேரம் மானேஜர் பகவதியப்பன் பிள்ளை வந்தார். மகள் கல்யாண வேலைகளுக்கு நடுவே வந்த அவசரம் முகத்தில் இருந்தது. அவரும் ஊர்க்காரர்தானே. படத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். அந்தக் கோடியிலிருந்து திரும்ப இந்தக் கோடிக்கு வந்தார்.

"வே சிவதாணு, குலசேகரத்துல இந்த வருசம் நல்ல மழையாம்."

சிவதாணுவுக்கு உள்ளங்கால் அரித்தது. பயத்தில்தான் மானேஜரை வரையவில்லை. நாராயணபெருமாள் பிள்ளைக்கு வலப்பக்கம் வைத்தால் கீழே வைத்ததாக ஆகும், இடப்பக்கம் வைத்தாலும் அதே கதை, எதிர் வரிசையில் வைத்தால் முதுகுதான் தெரியும்.

"மொதலாளி எழுந்து நின்னு பந்தியை மேல்பார்வை பாக்க மாதிரி வச்சிரட்டா?"

"அவன் உக்காந்து திம்பான். நான் நின்னு வெளம்பணும். அப்படித்தானே?"

சிவதாணுவின் கண் தானாகவே படத்துக்குள் ஒதுங்க இடம் தேடியது. தலைகளுக்கு மேலே சுவர் காலியாகக் கிடந்தது.

"சுவத்துல மாட்டிரலாம் மொதலாளி. உங்க படத்தைச் சட்டம் போட்டு, நட்டநடுவுல, எல்லாரு தலைக்கும் மேல."

மானேஜர் சுவரைப் பார்த்தார். கீழே நாராயணபெருமாள் பிள்ளையின் தலை உச்சியைப் பார்த்தார். திரும்பவும் சுவரைப் பார்த்தார். அவர் முகத்தில் வெளிச்சம் பரவுவதைச் சிவதாணு தன் கண்ணாலேயே கண்டார்.

"கொள்ளாம்" என்றார் மானேஜர். "சட்டம் நல்ல அகலமா இருக்கட்டும்."

அந்தப் படத்துக்குள் படம் சிவதாணுவின் கைராசிக்கு மிக நன்றாக அமைந்துவிட்டது. மானேஜரின் சிரிப்பில் இதுவரை ஊர் பார்க்காத ஒரு சாந்தம் இருந்தது.

கண்காட்சியன்று கூட்டம் தேர்த்திருவிழாவுக்கு வந்த மாதிரி வந்தது. திருவனந்தபுரத்து அதிகாரிக்குப் பெரிய ரோஜா மாலை போட்டார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். அதிகாரி முட்டத்துப் படத்தின் முன் நின்று ரசித்துப் பார்த்தார். பந்திப் படத்தின் முன் மட்டும் அவரால் நிற்க முடியவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்து, இது நான், இது எங்கள் அண்ணாச்சி, இது எங்கள் தெருக்காரர் என்று காட்டினார்கள். கழுத்தில் மாலை கனத்திருக்க வேண்டும். அதைக் கழற்றி மானேஜருக்குப் போட்டு மரியாதை செய்யலாம் என்று திரும்பினால் மானேஜரைக் காணவில்லை. அவர் அதிகாரிக்கு இளநீர் வெட்டச்சொல்லி வெளியே போயிருந்தார். ஆள் இல்லாவிட்டால் என்ன, படம் இருக்கிறதே என்று அதிகாரி அந்த மாலையைச் மானேஜரின் சுவர்ப்படத்தின்மேல் விழும்படி, பந்திப் படம் தொங்கிய ஆணியில் மாட்டினார். ஹால் முழுவதும் கைதட்டியது. இளநீரோடு உள்ளே வந்த மானேஜர் அதைப் பார்த்துவிட்டு, இளநீரை யாரிடம் கொடுக்கிறோம் என்று தெரியாமல் நாராயணபெருமாள் பிள்ளையிடமே கொடுத்துவிட்டார். அவரும் குடித்துவிட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் பல வருஷத்துக்குப் பிறகு நடந்த முதல் கொடுக்கல் வாங்கல் அது.

மேடையிலேயே மானேஜர் அறிவித்தார். டிராயிங் வகுப்பு இருக்கும். டிராயிங் மாஸ்டரும் இருப்பார். குலசேகரத்துக்குப் போக வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேலும் ஒன்று சொன்னார். பந்திப் படம் தன் மகள் கல்யாணத்துக்கு வாசலை அலங்கரிக்கப் போகிறது. சம்பந்தக்காரர்கள் பறக்கையிலிருந்து வருகிறார்கள், அவர்களும் பார்க்கட்டும்.

அன்று வீட்டில் சண்முகவடிவு டிரங்குப் பெட்டியைப் பரணில் ஏற்றினாள். புகையிலைப் பொடியைப் பக்கத்து வீட்டுக்குத் தானம் செய்துவிட்டு எரிசேரி வைத்தாள். சிவதாணு இலையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உலகத்தில் அவரைவிட நிம்மதியான மனிதர் அன்று கிடையாது. படத்தில் மூடிய எரிசேரி இலையில் திரும்பி வந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தார். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், மானேஜர் வீட்டு வாசலில் பந்தல் போட்டு வாழை கட்டியிருந்தது. பந்தலில் நுழைந்ததும் நேர் எதிரே படம். அதன் முன்னால் குத்துவிளக்கு. மாலை வாடிப்போனதால் மானேஜர் பூக்காரரிடம் சொல்லிப் புதியதாகவே போடச் செய்திருந்தார். முகூர்த்தச் சேலையோடு மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரம். மானேஜர் உள்ளே வேட்டி மாற்றிக்கொண்டிருந்தார். சிவதாணு இஸ்திரி போட்ட ஜிப்பாவோடு படத்தின் பக்கத்தில் நின்று, வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். வந்த ஊர்க்காரர்கள் தங்கள் தங்கள் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்கள்.

உருளிகளும் கரண்டிகளும் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. தவசிப்பிள்ளை சுடலையாண்டி இறங்கினார். அந்தப் பக்கத்து ஊர்களில் எந்த விசேஷம் என்றாலும் சமையல் அவர் கைதான். அயலூர்க்காரர். மானேஜர் மூன்று மாதத்துக்கு முன்பே அவரை ஆள் விட்டு வரவழைத்து, கல்யாணச் சமையலுக்கு நேரில் சொல்லியிருந்தார். பந்தி என்று ஒரு பந்தியை வரைந்து ஊரையே அதில் உட்கார வைத்த சிவதாணுவுக்கு, அந்தப் பந்திக்குச் சமைத்தவர் ஒருவர் இருப்பாரே என்று தோன்றவே இல்லை. அதனால் சுடலையாண்டிக்குப் படத்தில் தேட முகமும் இல்லை, எண்ணிப் பார்க்க இலையும் இல்லை. அவர் முழுப் படத்தையும் பார்த்தார்.

பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். தலையில் இருந்த சிறிய உருளியை மெல்ல இறக்கி வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அவர் கண்கள் நிறைவதைச் சிவதாணு பார்த்தார். இத்தனை நாள் இத்தனை பேர் பார்த்த படத்தை, படமாகப் பார்த்துக் கண்கலங்க ஒரு மனிதர் வந்துவிட்டார். கலை என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டு, ஆதரவாகக் கிட்டே போய் நின்றார். தெருமுனையில் மாப்பிள்ளை வீட்டாரின் நாதஸ்வரம் கேட்டது.

சுடலையாண்டி துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாதஸ்வரத்தையும் மிஞ்சிய குரலில் சொன்னார்: "எலையெல்லாம் சாவுப் பந்தி மாதிரி வெளிய பாத்து மடக்கிக் கெடக்கு, கல்யாணத்துக்குச் சமைக்கணும்னு சொன்ன மனுசன் மாலையோட சுவத்துல ஏறிட்டாரு, மொதலாளி போன விவரத்தை எனக்கு ஒரு வார்த்தை விளிச்சுச் சொல்ல ஆளில்லாமப் போச்சா, வாத்தியாரே?"